குட்டை இருபத்திரண்டு

முப்பத்தோரு வருஷம் நான் பார்த்த வேலையை என் மனைவி விஜயா ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடுவாள். "எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரில புழு எண்ணுறாரு." கேட்டவர்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். நான் மறுத்ததில்லை. மைக்ராஸ்கோப்பில் ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் குரோமோசோம்கள் அப்படித்தான் இருக்கும், வரி வரியாகக் கோடு போட்ட குட்டிப் புழுக்கள் மாதிரி. ஒரு செல்லில் நாற்பத்தாறு. ஒரு ஆளுக்கு இருபது செல் பார்க்கவேண்டும். எண்ணி, ஜோடி சேர்த்து, ஒன்றிலிருந்து இருபத்திரண்டு வரை வரிசையாக நிறுத்தி, ஆணா பெண்ணா என்று சொல்லும் கடைசி இரண்டையும் ஓரத்தில் வைத்துவிட்டால் ஒரு செல் முடிந்தது. இன்னும் பத்தொன்பது இருக்கும்.

போன மாதம் நிவேதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்த பெண். மதுரை கே.கே. நகரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குப் புது மெஷின் வந்திருக்கிறதாம். ஸ்லைடை உள்ளே வைத்தால் அதுவே செல்லைத் தேடி, படமெடுத்து, ஜோடி சேர்த்துத் திரையில் நிறுத்திவிடுமாம்.

"எங்களுக்கு வேலையே இல்லண்ணே. சரியா இருக்கான்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். நீங்கள்லாம் இதக் கையிலயா செஞ்சீங்க?"

"கையிலயும் கத்திரிக்கோல்லயும்" என்றேன்.

"மெஷின் திறப்புக்கு ஒரு மலர் போடுறாங்க. அதுல எழுதிக் குடுங்கண்ணே. ரெண்டு பக்கம் போதும்."

இரண்டு பக்கத்தில் அடங்காது என்று அப்போதே தெரியும். நீளமாக இருந்தால் அவள் வெட்டிக்கொள்ளட்டும்.

என் படிப்பைப் பற்றி எழுத அதிகமில்லை. உசிலம்பட்டிப் பக்கம் கடலையும் பருத்தியும் போட்ட குடும்பம். விலங்கியல் படித்தேன், சென்னையில் ஆறு மாதம் பயிற்சி எடுத்தேன், வேலை கிடைத்தது, திருநகரில் வாடகைக்கு வீடு பிடித்தேன். லேப்பில் வேலை என்று தெரிந்ததும் தெருவில் பாதிப் பேர் விடிந்தும் விடியாமலும் மூத்திர பாட்டிலோடு வாசலில் நின்றார்கள். சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவேண்டுமாம். அது என் வேலை இல்லை என்றால் யாரும் நம்பவில்லை. என்னத்தைப் படித்தாரோ என்று முணுமுணுத்துக்கொண்டு பாட்டிலை எடுத்துப் போனார்கள்.

அந்தக் காலத்தில் செல்லைப் படமெடுத்து, பிரிண்ட் போட்டு, ஒவ்வொரு குரோமோசோமாகக் கத்திரிக்கோலால் வெட்டி அட்டையில் ஒட்டுவோம். மதுரையில் மே மாதம் அந்த வேலை எப்படி இருக்கும் என்று நிவேதாவுக்குத் தெரியாது. ஃபேனைப் போட்டால் வெட்டிய துண்டுகள் பறந்துவிடும். போடாவிட்டால் வியர்வை சொட்டிப் படம் ஊறிவிடும். ஒரு நாள் தாங்கமுடியாமல் ஃபேனை ஒன்றில் வைத்தேன். ஒட்டி முடித்து எண்ணினால் நாற்பத்தைந்து. ஆணுக்கு மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோமைக் காணோம். ரத்தம் கொடுத்தவரோ முறுக்கு மீசை வைத்த ஆசாமி. மேசைக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், குப்பைக்கூடையில் என்று ஒரு மணி நேரம் தவழ்ந்து தேடினேன். அப்போது ஞானசுந்தரி மேடம் உள்ளே வந்தார்.

"என்ன சௌந்தர் தேடுறீங்க?"

"ஒரு குரோமோசோமைக் காணோம் மேடம்."

அவர் சிரிக்கவில்லை. என் வலது முழங்கையைக் காட்டினார். வியர்வையில் ஒட்டிக்கொண்டு அது அங்கேதான் இருந்தது. "எடுத்து ஒட்டுங்க. ரிப்போர்ட்ல முழங்கையப் பத்தி எழுதவேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேடம்தான் எங்கள் ரத்த நோய்ப் பிரிவுக்கும் லேப்புக்கும் தலைவர். ஒடிசலான உருவம், கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை, சர்க்கரை இல்லாத டீ. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. தப்பு என்ற வார்த்தையும் அவர் வாயில் வராது. "இன்னொரு தடவை பாத்துருங்களேன்" என்பார். முழுசாகத் திரும்பச் செய்யவேண்டும் என்று அர்த்தம்.

அவரிடம் ஒரு விசித்திரமான நடைமுறை இருந்தது. ரிப்போர்ட்டை ஆங்கிலத்தில்தான் அடிப்போம். ஆனால் அடிப்பதற்கு முன்னால் அவர் மேசைக்கு எதிரே நின்று, அந்த நோயாளியின் வீட்டாரிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, அத்தனையையும் தமிழில் சொல்லவேண்டும். பெரிய பெரிய சொல்லாகப் போட்டுத் தப்பிக்க முடியாது. முதல் மாதம் நான் நின்று திணறிய திணறல் கொஞ்சமில்லை. "இங்கிலீஷ்ல உங்களுக்குப் புரியாததையும் எழுதிரலாம் சௌந்தர். வீட்டுப் பேச்சுல சொன்னா மாட்டிக்குவீங்க" என்பார். நாங்கள் அதற்கு வாய்ப்பாடு ஒப்பிக்கிறது என்று பெயர் வைத்திருந்தோம். அவருக்கும் அது தெரியும்.

அப்படி நான் நூற்றுக்கணக்கான தடவை ஒப்பித்த ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். எல்லோர் உடம்பிலும் ஒன்பதாவது குரோமோசோமில் ஏபிஎல் என்று ஒரு ஜீன் இருக்கிறது. அது ஒரு நொதியைச் செய்வதற்கான குறிப்பு. அந்த நொதியின் வேலை, செல்லுக்குள் இருக்கும் மற்றப் புரதங்களைத் தொட்டுத் தொட்டு, 'வளரு, ரெண்டாப் பிரி' என்று கிளப்பிவிடுவது. வேலை முடிந்ததும் தானே அடங்கிவிடும். அடங்குவதற்கு அதன் உடம்பிலேயே ஒரு பூட்டு உண்டு. சில பேருக்கு, யார் செய்த தப்பும் இல்லாமல், எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில் ஒன்பதின் நுனியும் இருபத்திரண்டின் நுனியும் உடைந்து, இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. ஏபிஎல் போய் இருபத்திரண்டில் வேறொரு ஜீனோடு சேர்ந்துகொள்கிறது. அந்தச் சேர்க்கையில் பிறக்கும் நொதிக்குப் பூட்டு விழாது. ஓயாமல் கிளப்பிவிட்டுக்கொண்டே இருக்கும். வெள்ளை அணுக்கள் லட்சக்கணக்கில் பெருகும். அது ஒரு வகை ரத்தப் புற்றுநோய். இந்தப் பரிமாற்றத்தில் இருபத்திரண்டு கொடுத்தது அதிகம், வாங்கியது கொஞ்சம். அதனால் அது குட்டையாகிப் போகும். அந்தக் குட்டை இருபத்திரண்டைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதைக் கண்டுபிடித்துச் சொல்வது இழவு சொல்லப் போவது மாதிரி இருக்கும். பிறகுதான் அந்த ஒரு நொதியை மட்டும் பார்த்துப் பிடித்து அடக்குகிற மாத்திரை வந்தது. தினம் ஒன்று. விலை எங்கள் ஆட்களால் நினைத்துப் பார்க்க முடியாதது. ஆனால் இல்லாதவர்களுக்கு இலவசமாகத் தரும் ஒரு திட்டம் இருந்தது. எங்கள் ஆஸ்பத்திரி வழியாக மாதாமாதம் வாங்கிக்கொள்ளலாம். முதன்முதலாக ஒருவருக்கு இருபது செல்லிலும் இருந்த குட்டை இருபத்திரண்டு ஒரு வருஷம் கழித்து மூன்றாகக் குறைந்ததைப் பார்த்த அன்று, நான் லேப்பில் விசிலடித்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் விஜயாவுக்கு ஒரு முழம் கூடுதலாகவே மல்லிகைப்பூ வாங்கினேன். என்ன விசேஷம் என்று அவள் சந்தேகமாகக் கேட்டாள்.

பஞ்சவர்ணம் அக்கா வந்தது அந்தக் காலத்தில். மேலூருக்குப் பக்கத்தில் கிராமம். அப்பா அம்மா காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். இவர் தலையெடுத்துத்தான் ஒன்றரை ஏக்கர் நெல் வயல் சொந்தமாக வந்திருந்தது. வயிற்றில் கட்டி என்று வந்தார். அது கட்டி இல்லை, வீங்கிப்போன மண்ணீரல். சொந்தக்காரர்கள் வீடு தேடி வந்து, இவர் முகத்தைப் பார்த்தே அழுதுவிட்டுப் போயிருந்தார்கள். இடுப்பில் ஒரு சுருக்குப்பை, வாய் நிறைய வெற்றிலை, ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிற மாதிரி பேச்சு. மஜ்ஜை எடுக்க ஊசி குத்தும்போதும் என்னிடம் எங்கள் ஊரில் கடலை விளைச்சல் எப்படி என்று விசாரித்துக்கொண்டிருந்தார். இருபது செல்லில் இருபதும் குட்டை.

மாத்திரை ஆரம்பித்து ஒரு வருஷத்தில் திரும்பப் பார்த்தேன். இருபதில் ஒன்றுகூட இல்லை. முடிவை மேடம்தான் சொல்லவேண்டும், டெக்னீசியன் வாய் திறக்கக்கூடாது என்பது சட்டம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் போய், "ஒண்ணுகூட இல்லக்கா. சுத்தமாப் போயிருச்சு" என்று சொல்லிவிட்டேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்த வாய்க்கொழுப்பு பின்னால் என்னைச் சும்மா விடவில்லை.

கொஞ்ச நாளில் அழகுராஜா வந்தான். இருபத்தாறு வயது. மேலூரில் கிரானைட் கல்லுக்குப் பாலிஷ் போடுகிறவன். சின்ன வயதிலேயே அப்பா அம்மா இல்லை. வேலை பார்க்கும் இடத்துக் கொட்டகையில் படுக்கை. அதே நோய், இருபதுக்கு இருபது. இலவசத் திட்டத்துக்கு எழுதிப் போட்டோம். இருப்பிடச் சான்று கேட்டார்கள். கொட்டகைக்கு யார் சான்று கொடுப்பார்கள்? விண்ணப்பம் அப்படியே நின்றது. அதுவரைக்கும் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையை மட்டும் குறைத்து வைக்கும் பழைய மாத்திரை ஒன்றை மேடம் எழுதிக் கொடுத்தார். அது தலைகளை எண்ணிக் குறைக்குமே தவிர குட்டை இருபத்திரண்டைத் தொடாது. இது நினைவிருக்கட்டும்.

எட்டு மாதம் ஓடியது. பழைய ரிப்போர்ட் செல்லாது, புதிதாக எடுத்து அனுப்புங்கள் என்று திட்டத்திலிருந்து கடிதம் வந்தது. அழகுராஜாவுக்கு மஜ்ஜை எடுத்தோம். அன்றைக்கே பஞ்சவர்ணம் அக்காவுக்கும் அடுத்த பரிசோதனை. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் மேலூரிலிருந்து வந்திருந்தார்கள். இரண்டு டியூப்பும் பக்கத்துப் பக்கத்தில் என் கைக்கு வந்தன.

வளர்த்து, பிரிகிற செல்லைப் பாதியில் நிறுத்தி, ஊதவைத்து, கழுவி, ஸ்லைடில் சொட்டவேண்டும். மதுரைக் காற்று காய்ந்த காற்று. சொட்டு விழுந்ததும் உலர்ந்து, குரோமோசோம்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அதற்காக ஒரு அலுமினியச் சட்டியில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த ஆவியில் ஸ்லைடைக் காட்டிக்கொண்டே சொட்டுவேன். லேப்புக்குள் வந்தவர்கள் இட்லி வேகிறதா என்று கேட்பார்கள். அன்றைக்கு ஸ்லைடு பிரமாதமாக விரிந்தது. சந்தோஷமாகத்தான் உட்கார்ந்தேன்.

முதலில் அக்காவின் ஸ்லைடு. மூன்றாவது செல்லிலேயே குட்டை இருபத்திரண்டு நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். இருபது முடிந்தபோது எட்டு. சுத்தமாகப் போனது திரும்பி வந்திருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம் என்று தெரியும். அந்த நொதி உருமாறி, மாத்திரைக்குப் பிடிகொடுக்காமல் போய்விட்டது என்பார்கள். மாத்திரை கேட்கவில்லை என்று ரிப்போர்ட் போனால் இலவசமும் நின்றுவிடும். அடுத்த மருந்து நாங்கள் யாரும் எட்டிப் பிடிக்க முடியாத இடத்தில் இருந்தது. மாற்று மஜ்ஜை வைக்கலாம் என்றால், கொடுக்க அக்காவுக்குக் கூடப் பிறந்தவர்களும் இல்லை.

அப்புறம் அழகுராஜாவின் ஸ்லைடு. இருபதில் பதினொன்று குட்டை. ஒன்பது நல்ல செல்.

நல்ல செல் எப்படி வரும்? அவன் சாப்பிடுவது பழைய மாத்திரை. எனக்கு உடனே தோன்றியது ஒன்றுதான்: டியூப்பில் ஏதோ குளறுபடி செய்துவிட்டேன். அக்காவுடையதும் இவனுடையதும் எங்கேயோ என் கையில் கலந்துவிட்டது. வேலை போனாலும் பரவாயில்லை, அப்படியே இருக்கட்டும், அக்காவுக்கு ஒன்றுமில்லை என்று ஆகட்டும் என்றுகூட நினைத்தேன். ஆனால் ஓரத்தில் நிற்கும் கடைசி இரண்டைப் பார்த்ததும் அந்த ஆசையும் போனது. அழகுராஜாவின் இருபது செல்லிலும் ஒய் இருந்தது. அக்காவின் இருபதிலும் ஒய் இல்லை. மாறவும் இல்லை, கலக்கவும் இல்லை. மிச்சம் வைத்திருந்த செல்லை எடுத்துப் புது ஸ்லைடில் சொட்டி மறுபடி எண்ணினேன். ஏறக்குறைய அதே கணக்கு.

மறுநாள் மேடம் முன்னால் நின்றேன். வழக்கம்போல டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றார்.

"அழகுராஜாவுக்குப் பாதி செல் நல்லாயிருச்சு மேடம். அந்தக் குட்டை குறையுது. அவரு சாப்பிடாத மாத்திரை அவருக்கு வேலை செய்யுது." அடுத்ததையும் சொன்னேன். "பஞ்சவர்ணம் அக்காவுக்குத் திரும்ப வந்துருச்சு. அவங்க சாப்பிடுற மாத்திரை அவங்களுக்கு வேலை செய்யல."

சொல்லி முடித்ததும் என் காதே அதைக் கேட்டது. மேடம் டம்ளரை மேசையில் வைத்தார்.

"ஒரே பஸ்லதான் வாராங்க மேடம்" என்றேன்.

"ரெண்டு பேரையும் நாளைக்கு வரச்சொல்லுங்க" என்றார்.

மறுநாள் அக்காவைத்தான் முதலில் உள்ளே கூப்பிட்டார். நான் ஓரமாக நின்றேன். தினமும் சாப்பிடுகிறீர்களா என்று மேடம் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை மாதாமாதம் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். ஒரு நாள்கூட விட்டதில்லை என்று அக்கா சொல்லும் பதில் சத்தியமான பதில். காலி அட்டையையும் ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுப்பார். மேடம் ஒரு மாத்திரையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"வீட்டுல எப்படிச் சாப்பிடுவீங்களோ, அப்படியே சாப்பிட்டுக் காட்டுங்க."

நான் தண்ணீர் டம்ளரை நீட்டினேன். அக்கா அதை வாங்குவதற்கு முன்னால் பழக்கதோஷத்தில் சுருக்குப்பையை அவிழ்த்து, பாக்குவெட்டியை எடுத்து, மாத்திரையை நடுவில் வைத்து நறுக்கென்று வெட்டிவிட்டார். ஒரு பாதியை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். மற்றப் பாதி உள்ளங்கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேடத்தைப் பார்த்தார்.

"அது யாருக்கு?" என்று மேடம் கேட்டார்.

அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. "வெளிய உக்காந்திருக்கான்ல, அழகு. அவனுக்குத்தான் டாக்டரம்மா. ஆறு மாசமாக் குடுக்குறேன். ஒரே பஸ்ல வாரோம், ஒரே சீக்கு. எனக்கு மாத்திரை குடுக்குறீக, அவனுக்கு இல்லைங்கிறீக. ஒருத்தன் பாத்துக்கிட்டு இருக்கும்போது நான் மட்டும் எப்படி வாய்ல போட?"

"உங்களுக்கு என்ன ஆகும்னு யோசிக்கலையா?"

"எனக்குத்தான் சுத்தமாப் போயிருச்சுன்னு இந்தத் தம்பி சொல்லுச்சே" என்று என்னைக் காட்டினார். "போன சீக்குக்கு எதுக்கு முழு மாத்திரை? பாதியே சாஸ்தின்னு நெனச்சேன்."

எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. மேடம் என்னைப் பார்க்கக்கூட இல்லை. அதுதான் அவர் கொடுத்த தண்டனை. "அழகுராஜாவையும் கூப்பிடுங்க. சௌந்தர், ரெண்டு பேருக்கும் நீங்களே சொல்லுங்க, பாதி மாத்திரை ஏன் ஆகாதுன்னு" என்றார்.

நான் ஒப்பித்ததிலேயே கஷ்டமானது அதுதான். அழகுராஜா கதவோரம் தலையைக் குனிந்து நின்றான். பெரிய பேச்சு எதுவும் வாயில் வரவில்லை. கடைசியில் மேலூர் பஸ்ஸைத்தான் சொன்னேன்.

"மாட்டுத்தாவணியில பஸ் வந்து நின்னதும் ஜன்னல் வழியாத் துண்டப் போட்டு எடம் பிடிப்பீகள்ல? இந்த மாத்திரை அந்தத் துண்டு மாதிரி. அந்தக் கெட்ட நொதிக்குள்ள ஒரு சீட்டு இருக்கு. அதுக்குத் தெம்பு குடுக்குற பொருள் அந்தச் சீட்டுலதான் வந்து உக்காரணும். மாத்திரை முந்திக்கிட்டுத் துண்டப் போட்டுருது. வந்தது உக்கார எடமில்லாமப் போயிரும். நொதியும் அடங்கிரும். இப்ப நீங்க பாதித் துண்டுதான் போடுறீக. பாதிச் சீட்டு காலியா இருக்கு. வாரதெல்லாம் சொகமா உக்காருது."

"சுத்தமாப் போயிருச்சுன்னு சொன்னியே" என்றார் அக்கா.

"நான் பாக்குறது இருபது செல்லுக்கா. உங்க ஒடம்புல கோடிக்கணக்குல இருக்கு. எங்கயாச்சும் ஒண்ணு ரெண்டு ஒளிஞ்சிருக்கும். அன்னைக்கு அதையும் சேத்துச் சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு."

அழகுராஜா அப்போதுதான் தலையை நிமிர்த்தினான். கண் நிறைந்திருந்தது. "அப்ப நான் அக்கா சீட்டுத் துண்ட எடுத்துக்கிட்டேன்" என்றான். "இனிமே எனக்கு வேணாம் சார். எனக்கு ஆனது ஆகட்டும்."

"வாய மூடு" என்று அக்கா அதட்டினார். "டாக்டரம்மா, அவனுக்கு ஒரு வழி பண்ணாம நான் இங்கன இருந்து எந்திரிக்க மாட்டேன்."

வழி பண்ணுவது அவ்வளவு சுலபமாக இல்லை. மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுத்தால் கொடுத்தவர் பெயரை நீக்கிவிடவேண்டும் என்று திட்டத்தின் விதியிலேயே இருந்தது. உண்மையை எழுதினால் அக்காவின் மாத்திரை நிற்கலாம். எழுதாவிட்டால் மருந்து கேட்கவில்லை என்று ஆகும், அப்போதும் நிற்கும். எப்படியாவது பூசி மெழுகி எழுதிவிடலாமா என்று நான் கேட்டேன். மேடம் பேனாவை எடுத்து நடந்தது அத்தனையையும் ஒளிக்காமல் கடிதமாக எழுதினார். நான் எண்ணிய இரண்டு ரிப்போர்ட்டையும் கூட வைத்தார். பாதி மாத்திரைக்கே அவனுக்குப் பாதிச் செல் நல்லாகியிருக்கிறது, பாதி குறைந்ததால்தான் இவருக்குத் திரும்பியிருக்கிறது, இரண்டு பேருக்கும் மருந்து கேட்கிறது, இரண்டு பேரையும் விட்டுவிடாதீர்கள் என்பதுதான் கடிதத்தின் சாரம். கீழே, எங்கள் லேப்பிலிருந்து நோயாளியிடம் அரைகுறையாகச் சொன்னதும் இதற்குக் காரணம் என்று ஒரு வரி சேர்த்தார். என் பெயரைப் போடவில்லை. தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டார்.

இருப்பிடச் சான்றுக்கு நான் மேலூர் போனேன். பஞ்சவர்ணம் அக்கா எனக்கு முந்தியே ஏற்பாட்டை முடித்திருந்தார். நெல் மூட்டை அடுக்கும் அறையைக் காலி பண்ணி, அழகுராஜாவின் தகரப்பெட்டியை அங்கே கொண்டுவந்து வைத்துவிட்டார். அவர் வீட்டுக்காரர் மூட்டைகளைக் கூடத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார். "இவ முடிவு பண்ணிட்டா தம்பி. நாம மூட்ட தூக்க வேண்டியதுதான்" என்றார் சிரித்துக்கொண்டு. கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்தார். பெட்டியைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், கொடியில் காய்ந்த சட்டையைப் பார்த்தார்.

"என்ன உறவு?" என்று பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார்.

"ஒரே மாத்திரையத் தின்ன உறவு" என்றார் அக்கா. "அதுக்கு உங்க பாரத்துல எடம் இருக்கா சார்?"

அலுவலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடியிருப்பவர் என்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்.

பதில் வர ஆறு வாரம் ஆனது. அக்கா கையிருப்பில் இருந்த மாத்திரையைத் தினம் ஒன்று முழுசாகச் சாப்பிட்டார். அழகுராஜா பழைய மாத்திரையோடு இருந்தான். அந்த ஆறு வாரமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு நான் ஏதாவது ஒரு வேலையை வைத்துக்கொண்டு வாசல் பக்கம் நிற்பேன். கடைசியில் கடிதம் வந்தது. இரண்டு பேருக்கும் அனுமதி. ஒரே நிபந்தனை, ஒவ்வொரு மாதமும் முதல் மாத்திரையை எங்கள் கண் முன்னால் முழுசாக விழுங்கவேண்டும். மேடம் அக்காவின் பாக்குவெட்டியை வாங்கித் தன் மேசை டிராயரில் பூட்டினார். அக்கா வீட்டுக்குப் போகும்போதுதான் திருப்பிக் கொடுப்பார். அழகுராஜா தன் முதல் மாத்திரையை விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினான். அக்கா எட்டிப் பார்த்து, நாக்குக்கு அடியில் இருக்கிறதா என்று சோதனை போட்டார்.

அடுத்த வருஷம் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் மஜ்ஜை எடுத்தோம். அக்காவின் ஸ்லைடில் இருபதைத் தாண்டி ஐம்பது செல் எண்ணினேன். அழகுராஜாவுக்கும் ஐம்பது. கண் வலித்தது, ஆனாலும் நிறுத்த மனசில்லை. நூறு செல்லில் ஒரு குட்டை இருபத்திரண்டுகூட இல்லை. மேடத்திடம் போய் ஒப்பித்தேன். அவர் எழுந்து, "வாங்க, இதையும் நீங்களே சொல்லுங்க" என்று வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா தன்னைப் பற்றிக் கேட்கவில்லை. "அவனுக்கு எம்புட்டு?" என்றார்.

"நான் எண்ணுன வரைக்கும் இல்லக்கா. உங்களுக்கும் நான் எண்ணுன வரைக்கும் இல்ல" என்று அளந்து அளந்து சொன்னேன். "ஆனா மாத்திரைய ஒரு நாளும் நிறுத்தக்கூடாது. கொறைக்கக்கூடாது. யாருக்கும் குடுக்கக்கூடாது."

"எத்தன நாளைக்குத் தம்பி?"

"ஆயுசு பூராம்" என்றேன். இவ்வளவு கஷ்டப்பட்டவர்களிடம் இதைச் சொல்லவேண்டியிருக்கிறதே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது.

அக்கா அந்த வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்து, அழகுராஜாவின் தோளில் ஒரு அடி போட்டார்.

"கேட்டியாடா, ஆயுசு பூராம் திங்கணுமாம். நமக்கு ஆயுசு இருக்குன்னு இந்தத் தம்பி வாயாலயே சொல்லிருச்சு."